காணிக்கை என்னும் சொல்

மதிப்பிற்குரிய ஐயா,

திருப்பூர் செல்லும் சாலையில் ஒரு பின்னலாடை நிறுவனம் பெரிய விளம்பரப் பலகை வைத்திருக்கிறது. ‘ஒரு சொட்டுச் சாயநீரையும் வெளியே விடுவதில்லை, நொய்யலுக்கு எங்கள் காணிக்கை’ என்று அதில் எழுதியிருக்கிறார்கள். எங்கள் ஊர்ப் பள்ளிக்குக் கழிப்பறை கட்டித் தந்ததும் அவர்களே. நல்லது செய்தவர்கள் அதைச் சொல்லிக்கொள்வதில் என்ன பிழை என்று என் மகன் கேட்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஒரு வாசகர், சென்னிமலை

அன்புள்ள நண்பருக்கு,

செய்ததைச் சொல்வதில் பிழையில்லை. ஆனால் காணிக்கை என்பது, கொடுக்காவிட்டால் யாரும் வந்து கேட்க முடியாத ஒன்று. சாயநீரை ஆற்றில் விடாதிருப்பது அத்தகையதா?

நொய்யல் ஆற்றின் குறுக்கே உள்ள ஒரத்துப்பாளையம் அணை உங்களுக்குப் பக்கம்தான். பாசனத்துக்கென்று 1992-இல் கட்டப்பட்ட அந்த அணையில் சாயக்கழிவு தேங்கி, சுற்றுக் கிணறுகள் உப்பேறி, தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று விவசாயிகளே மன்றாடும் நிலை வந்தது. நொய்யல் பாசனத்தை நம்பிய ஆயக்கட்டுக்காரர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டு, கழிவுநீர் வெளியேற்றத்தை முற்றிலும் நிறுத்தாத சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆகவே ‘ஒரு சொட்டும் வெளியே போகாது’ என்பது தொழில் நடத்துவதற்கான நிபந்தனை. நிலத்தையும் கிணற்றையும் இழந்தவர்கள் போராடிப் பெற்றது. அதை நிறுவனத்தின் கருணையாக எழுதிவைத்தால், உங்கள் மகனின் தலைமுறை அந்த விவசாயிகளை அறியாமலே வளரும். எனக்கு மிகுந்த வருத்தம் தருவது இதுதான்.

கழிப்பறை பிள்ளைகளுக்குப் பயன்படுகிறது, நல்லது. ஆனால் 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் 135-ஆவது பிரிவின்படி, ஆண்டு நிகர லாபம் 5 கோடி ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நிறுவனம், முந்தைய மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட்டாக வேண்டும். வேறு சட்டத்தின்படி செய்தே தீர வேண்டியதையும், தன் பொருளின் விளம்பரத்துக்காகச் செய்யும் உதவியையும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாதென்று அதன் விதிகளே விலக்கியிருக்கின்றன. கட்டாயக் கடமையையும் சமூகப் பணியையும் சட்டம் பிரித்து வைத்திருக்க, அந்தப் பலகை இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டது.

நிறுவனம் இந்தச் சட்டத்துக்கு உட்பட்டதென்றால், இயக்குநர் குழு ஒப்புதல் அளித்த சமூகப் பணிகளை அதன் இணையதளத்தில் வெளியிட்டிருக்க வேண்டும். மகனை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சாயநீரைச் சுத்திகரித்த பிறகு மிஞ்சும் உப்பும் சேறும் எங்கே கொண்டுபோய் வைக்கப்படுகின்றன என்றும் அவர்களுக்கு எழுதிக் கேட்கட்டும். பதில் வந்தால் எனக்கும் அனுப்பிவையுங்கள்.