பரணிலிருந்து இறங்கிய வீணை

கேள்வி: பாட்டியின் வீணை இருபது வருடமாகப் பரணில் கிடந்தது. இறக்கிப் பார்த்தால் கறுப்பு மெழுகு வெடித்து, நாலைந்து மெட்டுகள் (கம்பிக்கு அடியில் வரிசையாக நிற்கும் உலோகக் கட்டைகள்) கையோடு வந்துவிட்டன. மெழுகுவத்தியை உருக்கி ஊற்றி ஒட்டிவிடலாமா? இது ஏகாண்ட வீணையா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
- வாசகி, திருச்சி

பதில்: மெழுகுவத்தியா? வேண்டவே வேண்டாம். பட்டுத் தெரிந்துகொண்டவன் சொல்கிறேன். ஒரு சித்திரை மாதம் வீணையை ஜன்னலோரம் வைத்துவிட்டு ஊருக்குப் போய் வந்தேன், வெயிலில் மெழுகு இளகி மேல் ஸ்தாயி மெட்டுகள் மூன்று சாய்ந்து கிடந்தன. நானே நிமிர்த்துகிறேன் பேர்வழி என்று மெழுகுவத்தியை உருக்கி ஊற்றினேன். முதல் கமகத்துக்கு, அதாவது ஸ்வரத்தை அசைத்து வாசிக்க, கம்பியை இழுத்ததுமே மெட்டு பெயர்ந்து மடியில் விழுந்தது. அப்புறம் ஆசாரியிடம் தூக்கிக்கொண்டு போனால், நான் ஊற்றியதைச் சுரண்டி எடுக்கவே அவருக்கு அரை நாள் பிடித்தது. திட்டு தனி.

அந்தக் கறுப்பு மெழுகு, தேன்மெழுகில் கரித்தூள் சேர்த்துக் காய்ச்சியது. மெட்டை அழுத்தினால் உட்கார்கிற அளவுக்கு இளக்கமாகவும், கம்பியைப் பக்கவாட்டில் இழுக்கும்போது அசையாத அளவுக்குக் கெட்டியாகவும் இருக்க வேண்டும். அதன்மேல் ஸ்தாயிக்கு 12 வீதம் 24 மெட்டுகள். ஒவ்வொன்றையும் வைத்து, கம்பியை மீட்டி, காதைக் கொடுத்துக் கேட்டு, நூலிழை முன்னே தள்ளி, திரும்ப மீட்டி, போதாதென்று கொஞ்சம் பின்னே இழுத்து என்று போகிற வேலை அது, மேளம் வைப்பது என்பார்கள். முன்பெல்லாம் ராகத்துக்குத் தக்கபடி மெட்டை நகர்த்திக்கொள்ள வேண்டியிருந்ததாம், 17-ஆம் நூற்றாண்டில் தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில்தான் 24 மெட்டுகளும் நிலையாக உட்கார்ந்தன என்று சொல்வதுண்டு. நன்றாக வாசிக்கிற வீணைக்கே சில வருடங்களுக்கு ஒருமுறை மேளம் வைத்தாக வேண்டும், எனவே உங்கள் வீணை பாழாகிவிட்டது என்று பயப்படாதீர்கள்.

ஏகாண்டம் என்றால் குடமும் (உருண்டையான அடிப்பகுதி) தண்டியும் (நீண்ட கழுத்து) ஒரே பலா மரத்தில் குடைந்தது. தனித்தனியாகச் செய்து இணைத்தால் ஒட்டு வீணை. வீணையைக் கவிழ்த்து, குடத்தின் முதுகிலிருந்து தண்டிவரை மரத்தின் ரேகையைப் பாருங்கள். அறுபடாமல் ஓடினால் ஏகாண்டம், நடுவில் திசை மாறினால் ஒட்டு. ஒட்டு என்று தெரிந்தால் முகம் சுளிக்க வேண்டாம், அருமையான நாதம் தருகிற ஒட்டு வீணைகள் எத்தனையோ உண்டு. தண்டிக்கு அடியில் தொங்கும் சுரைக்காய் உடைந்திருந்தால் அது பெரிய செலவே இல்லை, இப்போது காகிதக்கூழிலும் ஃபைபரிலும் கிடைக்கிறது. ஓரத்தில் இழைத்திருப்பது யானைத் தந்தமாக இருந்தால் மட்டும் விற்கிற யோசனையை விட்டுவிடுங்கள், தந்த வியாபாரத்துக்குச் சட்டப்படி தடை.

தஞ்சாவூர் பக்கத்தில்தானே இருக்கிறது, அங்கேயே கொண்டு போங்கள். தஞ்சாவூர் வீணைக்கு 2013-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆசாரி பார்க்கும்வரை கம்பிகளை முறுக்கி ஸ்ருதி சேர்த்துப் பார்க்கிற ஆசை வேண்டாம்.

கேள்வி: பழைய வீட்டு உத்தரத்தை வாங்கி நாதஸ்வரம் செய்கிறார்கள் என்கிறார்களே, சும்மா கதைதானே?
- வாசகர், மதுரை

பதில்: கதை இல்லை. ஆச்சா மரம்தான் நாதஸ்வரத்துக்கு, அதுவும் வருடக்கணக்கில் காய்ந்து இறுகிய மரமாக இருக்க வேண்டும். பச்சை மரத்தில் கடைந்தால் பிறகு சுருங்கும், வெடிக்கும், ஸ்ருதி ஓடிப்போகும். இடிக்கிற வீட்டின் உத்தரமும் தூணும் அந்தக் காய்கிற வேலையை ஏற்கெனவே முடித்து வைத்திருக்கின்றன! கும்பகோணத்தை அடுத்த நரசிங்கம்பேட்டை இதற்குப் பேர்போன ஊர், 2022-ல் புவிசார் குறியீடும் வந்தது. இன்று கச்சேரிகளில் கேட்கிற நீளமான பாரி நாதஸ்வரம், நாதஸ்வர வித்வான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையும் நரசிங்கம்பேட்டையில் நாதஸ்வரம் செய்த ரங்கநாதன் ஆசாரியும் சேர்ந்து உருவாக்கியது. அதற்கு முன் உயர்ந்த ஸ்ருதியில் பேசும் குட்டையான திமிரிதான் வழக்கம்.

கேள்வி: வீட்டிலிருக்கும் மண்பானையில் கடம் பழகலாமா?
- வாசகர், சேலம்

பதில்: தாளம் பழகலாம், கடம் பழக முடியாது. மானாமதுரைக் கடத்தைத் தூக்கிப் பாருங்கள், கனம் கையில் தெரியும். உள்ளே கல்லை முட்டுக் கொடுத்து வெளியே பலகையால் தட்டித் தட்டி, சுவர் எல்லாப் பக்கமும் ஒரே கனமாக வரச் செய்கிறார்கள். காயும்போது மண் சுருங்கும், சூளையில் இன்னும் சுருங்கும், அதன் பிறகு எந்த ஸ்ருதியில் நிற்கும் என்பதைச் செய்கிறவர் முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும். வெந்தபின் மாற்ற ஏதுமில்லை, அதனால்தான் வித்வான்கள் ஸ்ருதிக்கு ஒன்றாக நாலைந்து கடம் வைத்திருக்கிறார்கள். உங்கள் பானையில் விரலால் சுண்டிப் பாருங்கள், வாய்ப்பக்கம் ஒன்று சொல்லும், அடிப்பக்கம் வேறு சொல்லும். உடைந்தால் வீட்டில் என்ன சொல்வார்கள் என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.