எழுத உட்கார்ந்தாலே பயம் வருகிறது. விளையாட்டாக எழுதப் பழகுவது எப்படி?

'துணிந்து எழுது' என்று யார் சொன்னாலும் துணிச்சல் வந்துவிடாது. கையில் ஒரு விதியைக் கொடுத்தால் வரும், அதுவும் கொஞ்சம் கிறுக்குத்தனமான விதியாக இருந்தால் இன்னும் நல்லது.

சிவப்பிரகாசர் 17-ஆம் நூற்றாண்டில், உதடு ஒட்டாமல் சொல்லக்கூடிய எழுத்துகளை மட்டும் வைத்துத் திருச்செந்தூர் முருகன் மீது ஓர் அந்தாதியே பாடினார். நிரோட்டம் என்பார்கள். பாரிஸில் 1960-ல் தொடங்கிய ஊலிப்போ என்ற எழுத்தாளர் குழுவும், இப்படி விதி போட்டுக்கொண்டு எழுதிய அதே ரகம்தான். அதில் இருந்த ழார்ழ் பெரெக், பிரெஞ்சில் மிக அதிகமாகப் புழங்கும் எழுத்தை அறவே ஒதுக்கி 1969-ல் ஒரு முழு நாவலையே வெளியிட்டார்.

நீங்கள் ப, ம வரிசை இரண்டையும் ஒதுக்கிவிட்டு ஒரு பத்தி எழுதிப் பாருங்கள். 'அம்மா கோபப்பட்டாள்' என்று எழுத முடியாது. அம்மாவும் போச்சு, கோபமும் போச்சு. சரி, வேறு வழி? 'தட்டு நங்கென்று தரையில் இறங்கியது.' என்னைக் கேட்டால் முதல் வாக்கியத்தைவிட இது எவ்வளவோ மேல். எழுத்தைத் தேடும் அவசரத்தில், நாலு பேர் என்ன நினைப்பார்களோ என்று யோசிக்க நேரமே இருக்காது.

பத்தி முடிந்ததும் விதியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். அதைக் கட்டிக்கொண்டு அழுதால் அதுவும் வீட்டுப்பாடம் ஆகிவிடும். அப்புறம் திருத்தும்போது அம்மா தாராளமாகத் திரும்பி வரலாம்.