ஃப்ரீவேயில் நம் கடைத்தெருவின் பெயர்: யாரிடம் கேட்பது?

கேள்வி: கலிபோர்னியாவில் இருக்கிறோம். எங்கள் ஊரில் ஒரே சாலையில் டிபன் கடை, மளிகை, நகை, புடவை என்று இந்தியர்களின் கடைகள் இருபது வருடமாக வரிசையாக இருக்கின்றன. சனி, ஞாயிறு ஆனால் வெளியூரிலிருந்தும் கூட்டம் வருகிறது. ஃப்ரீவேயில் (அதிவேக நெடுஞ்சாலையில்) ‘லிட்டில் இந்தியா’ என்று பலகை வைக்கச் சொல்லி மேயரிடம் மனு கொடுத்தோம். ‘அது எங்கள் கையில் இல்லை’ என்று பதில் வந்தது. பிறகு யார் கையில்தான் இருக்கிறது? செலவு யாருடையது?

பதில்: மேயர் அலுவலகம் உங்களைத் தட்டிக்கழிக்கவில்லை. ஊருக்குள் இருக்கும் தெருவும் தெருப்பெயர்ப் பலகையும் நகராட்சியுடையவை. ஃப்ரீவேயும் அதன் ஓரத்து மண்ணும் மாநிலப் போக்குவரத்துத் துறையான கால்டிரான்ஸுக்குச் சொந்தம். அங்கே ஒரு கம்பம் நடக்கூட நகராட்சிக்கு உரிமை கிடையாது. ஆனாலும் நீங்கள் மறுபடி போக வேண்டிய இடம் அதே நகராட்சிதான், வேறு மனுவோடு. பலகை வேண்டும் என்று கேட்காதீர்கள். இன்ன தெருவிலிருந்து இன்ன தெருவரை உள்ள பகுதிக்கு இந்தப் பெயரை நகர மன்றம் தீர்மானம் போட்டு ஏற்க வேண்டும் என்று கேளுங்கள்.

அந்தத் தீர்மானம் கையில் வந்ததும் உங்கள் தொகுதியின் மாநிலச் சட்டமன்ற உறுப்பினரிடம் போகலாம். அவர் கொண்டுவருவது இரு அவைகளும் நிறைவேற்றும் கூட்டுத் தீர்மானம். அதற்கு ஆளுநர் கையெழுத்து தேவையில்லை. இத்தகைய தீர்மானங்களில் வழக்கமாக ஒரு வரி இருக்கும்: மாநில அரசு அல்லாத இடங்களிலிருந்து வரும் நன்கொடையாக முழுச் செலவும் வந்து சேர்ந்த பிறகு கால்டிரான்ஸ் பலகையை நடட்டும் என்று. ஆக, செலவு உங்கள் சங்கத்துடையது. பலகையின் அளவையும் கம்பம் நடும் இடத்தையும் பொறுத்துத் தொகை மாறும். கால்டிரான்ஸுக்கு மாநிலம் முழுக்க 12 மாவட்ட அலுவலகங்கள் உண்டு. உங்கள் மாவட்டத்தில் மதிப்பீடு வாங்காமல் ஒரு டாலர்கூட வசூல் செய்யாதீர்கள். கடைக்காரர்களிடம் ஒரு தொகையைச் சொல்லி வாங்கிவிட்டு, ஆறு மாதம் கழித்து இன்னும் கொடுங்கள் என்று போய் நிற்பதைப் போல் ஒரு முயற்சியைக் கெடுப்பது வேறில்லை.

காகித வேலை இவ்வளவுதான். ஆனால் இந்த முயற்சிகள் காகிதத்தில் தடுக்கி விழுவதில்லை. பெயரிலும் எல்லையிலும்தான் விழுகின்றன.

பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரஞ்சு கவுண்டியின் வெஸ்ட்மின்ஸ்டரில் வியட்நாம் அகதிகள் எழுப்பிய கடைத்தெருவுக்கு 1988இல் ‘லிட்டில் சைகான்’ என்று ஃப்ரீவே பலகை கிடைத்தது. அன்றைய ஆளுநர் டியூக்மேஜியனே வந்து திறந்துவைத்தார். போரில் தோற்று அவர்கள் விட்டுவந்த தெற்கு வியட்நாமின் தலைநகர் சைகான், 1976இலேயே ஹோ சி மின் நகரம் ஆகிவிட்டது. சொந்த நாட்டு வரைபடத்தில் அழிந்த பெயர், இன்னொரு நாட்டின் ஃப்ரீவேயில் எழுதப்பட்டது. அந்தக் கடைத்தெருவின் போல்சா அவென்யூவில் ஒரு காலை நடந்து பாருங்கள். இன்று எந்த அரசாங்கத்துக்கும் உரியதல்லாத, மூன்று சிவப்புக் கோடு போட்ட பழைய தெற்கு வியட்நாமின் மஞ்சள் கொடி வரிசையாகப் பறக்கும். அங்கிருக்கும் பெரியவர்களுக்கு அந்தப் பலகை வழிகாட்டி மட்டுமல்ல என்பது யாரும் சொல்லாமலே புரியும்.

இதே பெயரை வைத்துத்தான் சான் ஹொசே நகரம் இரண்டுபட்டது. 2007 நவம்பரில் ஸ்டோரி ரோடு கடைப்பகுதிக்கு ‘சைகான் வணிக மாவட்டம்’ என்று நகர மன்றம் பெயர் வைத்தது. நல்ல எண்ணத்தில் எடுத்த சமரசமாக இருக்கலாம். ஆனால் ‘லிட்டில் சைகான்’ என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அதை அவமதிப்பாகவே எடுத்துக்கொண்டார்கள். நகர மன்றத்தின் முன் ஊர்வலங்கள் நடந்தன. ஒருவர் ஏறக்குறைய நான்கு வாரம் உண்ணாவிரதம் இருந்தார். 2008 மார்ச்சில் மன்றம் தான் வைத்த பெயரை விலக்கிக்கொண்டது. அத்தோடும் முடியவில்லை. அந்தப் பெயரை ஆதரித்த, வியட்நாம் வம்சாவளியைச் சேர்ந்த மன்ற உறுப்பினரைப் பதவியிலிருந்து நீக்க 2009இல் வாக்கெடுப்பே நடந்தது. அவர் தப்பித்தார் என்றாலும் ஒரே சமூகத்துக்குள் விழுந்த பிளவு விழுந்ததுதான். ஆகவே பெயரை உங்களுக்குள் முதலில் பேசி முடியுங்கள். ‘லிட்டில் இந்தியா’ என்றால் அந்தத் தெருவில் கடை வைத்திருக்கும் பாகிஸ்தானியரும் பங்களாதேஷியரும் இலங்கைத் தமிழரும் என்ன நினைக்கிறார்கள்? இதை மனு எழுதும் முன்பே கேட்க வேண்டும்.

எல்லைக்கு லாஸ் ஏஞ்சலஸ் ஓர் உதாரணம். அங்கே ‘லிட்டில் பங்களாதேஷ்’ கேட்டு மனு கொடுத்தவர்கள் முதலில் வரைந்த எல்லை, கொரியாடவுன் என்று எல்லோரும் அழைத்துவந்த பகுதிக்குள் நீண்டது. அதுவரை கொரியாடவுனுக்கே அதிகாரபூர்வ எல்லை கிடையாது. கொரியர்கள் எதிர்த்தார்கள். பேச்சு நடந்தது. 2010இல் நகர மன்றம் இரண்டுக்கும் சேர்த்து முடிவு செய்தது: கொரியாடவுனுக்கு எல்லை, பங்களாதேஷியருக்கு மூன்றாம் தெருவில் அலெக்ஸாண்ட்ரியா, நியூ ஹாம்ப்ஷையர் அவென்யூக்களுக்கு நடுவே நான்கு பிளாக். குறைவுதான். ஆனால் கிடைத்த நான்கு பிளாக் பேசி முடித்து அதிகாரபூர்வமாகக் கிடைத்தது என்பதைச் சிறிதாக நினைக்காதீர்கள். உங்களுக்கும் இதையே சொல்வேன். ஆசைப்படும் எல்லையை வரையாமல், கடைகள் உண்மையில் நெருக்கமாக இருக்கும் எல்லையை வரையுங்கள்.

இனி பலகைக்கு வருவோம். 65 மைல் வேகத்தில் போகும் கார் நொடிக்கு 95 அடி கடக்கிறது. அதற்குள் ஓட்டுநர் படித்து, புரிந்து, லேன் மாற வேண்டும். அதனால்தான் எழுத்து வடிவம்கூட விதிப்படி. தமிழிலோ இந்தியிலோ அதில் எழுத முடியாது. நன்கொடை கொடுத்த கடையின் பெயரும் சின்னமும் வராது. இதை வசூலின்போதே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். தமிழ் எழுத்தும் கோலமும் வேண்டுமானால் ஊருக்குள் நகராட்சி அனுமதியோடு வளைவோ விளக்குக்கம்பப் பதாகையோ வையுங்கள். அங்கே அழகுக்கு இடமுண்டு.

பலரும் கவனிக்கத் தவறும் இன்னொரு விஷயம் உண்டு. ஒரு எக்ஸிட்டுக்கு ஒரு திசையில் ஒரே ஒரு துணைப் பலகை (எக்ஸிட்டின் முதன்மைப் பலகையில் இல்லாத இடங்களைக் காட்டும் கூடுதல் பலகை), அதில் இரண்டு இடங்களுக்கு மேல் வேண்டாம் என்பது தேசிய நெறிமுறை. உங்கள் எக்ஸிட்டில் ஏற்கெனவே ஒரு கல்லூரியும் அருங்காட்சியகமும் அந்த இடத்தைப் பிடித்திருந்தால், எல்லாத் தீர்மானமும் நிறைவேறிய பிறகு பொறியாளர் கையை விரிக்கக்கூடும். அப்போது அடுத்த எக்ஸிட்டைக் கேட்க வேண்டியிருக்கும்.

எனவே அடுத்த சனிக்கிழமை இரண்டு திசையிலும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். எக்ஸிட்டுக்கு இரண்டு மைல் முன்னாலிருந்து நிற்கும் ஒவ்வொரு பலகையையும் பக்கத்து இருக்கையில் இருப்பவர் படம் எடுக்கட்டும். அந்தப் படங்கள், கடைகளைப் புள்ளி வைத்துக் காட்டும் ஒரு வரைபடம், கடைக்காரர்களும் அந்தத் தெருவில் குடியிருக்கும் மற்றவர்களும் போட்ட கையெழுத்துகள், இந்த மூன்றோடு நகர மன்றத்துக்குப் போங்கள். கையெழுத்துத் தாளில் முதல் பக்கத்தில் இந்தியப் பெயர்கள் மட்டும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.