நானும் அவரைப் போல ஆகிவிட்டேனா?

மேடம்,

எனக்கு வயது 36. எட்டு வருடத் திருமணத்தை விட்டு வெளியே வந்து இரண்டு வருடம் ஆகிறது. சட்டப்படியும் எல்லாம் முடிந்துவிட்டது. அவர் என்னை அடித்தது மொத்தம் மூன்று முறைதான். அதனால் ‘கொடுமை’ என்று சொல்லவே கூச்சமாக இருக்கும். ஆனால் என் சம்பளம் என் கையில் தங்காது. போனில் யாரிடம் பேசினேன் என்று தினமும் பார்ப்பார். கோபம் வந்தால் பத்து நாள் பேச மாட்டார். நான்தான் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும், எதற்கென்றே தெரியாமல்.

இப்போது தனியாக இருக்கிறேன். ஆனாலும் ராத்திரி பாத்திரம் கழுவும்போது குழாயைச் சன்னமாகத் திறந்து, தட்டோடு தட்டு மோதாமல் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறேன். ஒருநாள் அக்கா வந்திருந்தபோது கவனித்துவிட்டு, “யாருக்குடி பயந்து கழுவுறே?” என்றாள். அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

அலுவலகத்தில் யார் எதைக் கேட்டாலும், கேட்டு முடிப்பதற்குள் “சரி” என்று விடுவேன். போன மாதம் பக்கத்து மேஜைக்காரர் மூன்றாவது வாரமாகத் தன்னுடைய அறிக்கையை என் தலையில் கட்ட வந்தார். “இது என் வேலை இல்லை, எடுத்துக்கொண்டு போங்கள்” என்று கத்திவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மதியம் வரை கை நடுங்கியது. சாயங்காலத்துக்குள் அவரிடம் நான்கு முறை மன்னிப்புக் கேட்டு, அந்த அறிக்கையையும் நானே முடித்துக் கொடுத்தேன். என் கணவர் கத்தும் அதே குரல் என் வாயிலிருந்து வந்த மாதிரி இருந்தது. நானும் அவரைப் போல ஆகிவிட்டேனா?

அவர் இப்போதும் புதுப்புது எண்ணிலிருந்து எப்போதாவது மெசேஜ் அனுப்புகிறார். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிடலாமா என்று இருக்கிறது. “வாயைத் திறந்து பேசு” என்கிறாள் அக்கா. உங்கள் பதிலை அவளுக்குக் காட்டலாமா?

- பெயர் வேண்டாம்

---

அன்புள்ள சகோதரிக்கு,

இல்லை, ஆகவில்லை. எதை வைத்துச் சொல்கிறேன் என்று விளக்குகிறேன்.

1980-களில் அமெரிக்காவின் டுலூத் நகரில் குடும்ப வன்முறைக்கு எதிராக வேலை செய்தவர்கள், அடிபட்ட பெண்களிடம் வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டுக் கேட்டு ஒரு சக்கரம் வரைந்தார்கள். ஆலோசனை அறைகளில் இன்றும் அது புழக்கத்தில் இருக்கிறது. அதன் நடுவே ‘அதிகாரமும் கட்டுப்பாடும்’ என்று எழுதியிருக்கும். அதைச் சுற்றி எட்டு ஆரங்கள். பணத்தைப் பிடுங்கிக்கொள்வது, வெளித்தொடர்பைக் கண்காணிப்பது, மிரட்டுவது, பழியைத் திருப்பிவிடுவது என்று வரிசையாக வரும். அடி உதை எங்கே இருக்கிறது தெரியுமா? வெளி விளிம்பில், எல்லா ஆரங்களையும் சேர்த்துப் பிடிக்கும் பட்டையாக. ஒருமுறை கை ஓங்கிவிட்டால் போதும், அப்புறம் புருவத்தைத் தூக்கினாலே காரியம் நடந்துவிடும். மூன்று முறைதான் என்று கணக்குச் சொல்லிக் கூச்சப்படாதீர்கள்.

இப்போது அந்த அறிக்கைச் சண்டையை இதே சக்கரத்தில் வைத்துப் பாருங்கள். எந்த ஆரத்தில் பொருந்துகிறது? ஒருவர் வேலையை அவரே செய்யட்டும் என்றீர்கள். அவ்வளவுதான். குரல் தேவைக்கு மேல் உயர்ந்தது, உண்மை. முதல் வாரமே சொல்லியிருந்தால் மெதுவாகச் சொல்லியிருப்பீர்கள். மூன்று வாரம் விழுங்கியது ஒன்றாக வெளியே வந்தது.

ஆபத்து வந்தால் உடம்பு சண்டைக்கு நிற்கும், இல்லையென்றால் ஓடும் என்று உடலியல் அறிஞர் வால்டர் கேனன் நூறு வருடத்துக்கு முன்பே சொன்னார். இரண்டுக்கும் வழியில்லாத வீட்டில் என்ன செய்வது? உறைந்து நிற்கலாம், எதிரில் இருப்பவரைச் சமாதானப்படுத்தலாம். உங்கள் உடம்பு இந்தக் கடைசி வழியைத்தான் கற்றுக்கொண்டது. அவசரமாக வரும் “சரி”, சத்தமில்லாத பாத்திரம், காரணம் தெரியாத மன்னிப்பு எல்லாம் எட்டு வருடம் உங்களைக் காப்பாற்றியவை. ‘தைரியம் வேண்டும்’ என்று மேடையில் முழங்குகிறவர்கள் மீது எனக்கு எரிச்சல் வருவது இதனால்தான். அந்த வீட்டில் வாயைத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது.

எதிர்த்துப் பேசினால் தண்டனை வரும் என்பது உங்கள் உடம்பில் பதிந்திருக்கிறது. அதனால்தான் கை நடுங்கியது. அந்த நடுக்கத்தை நீங்கள் ‘நான் தப்புச் செய்துவிட்டேன்’ என்று படித்தீர்கள். மன்னிப்புக் கேட்டதும் நடுக்கம் தணிந்திருக்கும். ‘பார், மன்னிப்புக் கேட்டதால்தான் தப்பித்தேன்’ என்று உடம்பு மறுபடியும் அதே பாடத்தை எழுதிக்கொண்டது. முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

ஆகவே, ‘முடியாது’ என்று சொல்ல இப்போதைக்குப் பழக வேண்டாம். யார் எது கேட்டாலும் “பார்த்துவிட்டுச் சொல்கிறேன்” என்று மட்டும் சொல்லுங்கள். தனியாக இருக்கும்போது வாய்விட்டுப் பத்து முறை சொல்லிப் பாருங்கள், சிரிப்பு வந்தாலும் பரவாயில்லை. அந்த “சரி”யைப் பத்து நிமிடம் தள்ளிப்போட்டாலே, அதைச் சொல்வதா வேண்டாமா என்று யோசிக்க இடம் கிடைக்கும். எப்போதாவது மறுத்துவிட்டு உள்ளே குற்ற உணர்ச்சி பொங்கினால், மறுநாள் காலை வரை மன்னிப்புக் கேட்காமல் இருந்து பாருங்கள். கஷ்டமாகத்தான் இருக்கும். ராத்திரி தூக்கம்கூடக் கெடலாம். காலையிலும் உண்மையிலேயே தப்பென்று தோன்றினால் ஒருமுறை கேளுங்கள். நான்கு முறை வேண்டாம்.

இதையெல்லாம் உங்களுக்குத் தீங்கு செய்ய முடியாதவர்களிடம் மட்டும் பழகுங்கள். உங்கள் முன்னாள் கணவர் அந்தப் பட்டியலில் வரமாட்டார். பிரிந்துபோன பிறகும் இப்படிப்பட்டவர்களால் ஆபத்து உண்டு, சில சமயம் முன்பைவிட அதிகமாகவே. நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டாலும் அவருக்கு அது பதில்தான், உங்களைத் தொட முடிகிறது என்பதற்கு அத்தாட்சி. பதில் போடாதீர்கள். அழிக்கவும் வேண்டாம். தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்து உங்கள் வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

இன்னொன்று. தப்பிக்க வழியில்லாமல் நீண்ட காலம் கொடுமையில் இருந்தவர்களுக்கு வரும் சிக்கலான மனக்காயத்தை, 2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் தனியாகச் சேர்த்திருக்கிறார்கள். தன்னைப் பற்றிய தீராத வெட்கமும் குற்ற உணர்ச்சியும் அதன் அடையாளங்களில் அடக்கம். உங்களுக்கு அது இருக்கிறதா என்று ஒரு கடிதத்தை வைத்து நான் சொல்ல மாட்டேன். மனக்காயத்துக்குச் சிகிச்சை தரப் பயிற்சி பெற்ற ஒருவரை நேரில் பாருங்கள். அவரைப் பிடிக்கவில்லை என்றால் வேறொருவரைப் பாருங்கள். “எனக்கு இவர் சரிப்படவில்லை” என்று முடிவெடுப்பதும் உங்களுக்குப் பயிற்சிதான்.

அக்காவுக்குக் காட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். என் பக்கம் தடையில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு நான் “காட்டுங்கள்” என்று சொல்லப்போவதில்லை. முழுதாகக் காட்டுவதா, சில பத்திகளை மறைத்துக் காட்டுவதா, காட்டாமலே விடுவதா என்று நீங்கள் முடிவு செய்யுங்கள். அவளே கேட்டால், “பார்த்துவிட்டுச் சொல்கிறேன்” என்று சொல்லுங்கள்.