கட்டணம் வாங்கிய ஆசிரியர்

அன்புள்ள ஐயா,

புலம்பெயர்ந்த ஆசிரியர்களைப் பற்றி நீங்கள் எழுதிவரும் குறிப்புகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். அவற்றில் ஒன்றில், டேக்வாண்டோ என்ற கொரியத் தற்காப்புக் கலையை அமெரிக்காவில் பரப்பிய கொரியரான ஜூன் ரீயை மனிதநேயர் என்று குறிப்பிட்டிருந்தீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பல கிளைகள் வைத்துப் பயிற்சிக்கூடம் நடத்தினார், தொலைக்காட்சியில் விளம்பரம் செய்தார், பாதுகாப்புக் கவசங்களை விற்றார். காசு வாங்கிக்கொண்டு சொல்லிக்கொடுத்ததை எப்படித் தொண்டு என்பது? என் மகனின் மாஸ்டரும் மாதக் கட்டணம் போதாதென்று பெல்ட் தேர்வுக்குத் தனியாகக் கேட்கிறார். அடிக்கக் கற்றுத்தருவது எப்படி மனிதநேயப் பணி ஆகும்? ப்ரூஸ் லீக்கு உதை சொல்லிக்கொடுத்தவர் இவர்தானா?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

ப்ரூஸ் லீயை முதலிலேயே முடித்துவிடுகிறேன். 1964இல் லாங் பீச்சில் நடந்த கராத்தே போட்டியில் இருவரும் சந்தித்தார்கள், நண்பர்களானார்கள், உதையை ரீயிடமிருந்து லீயும் குத்தை லீயிடமிருந்து ரீயும் கற்றுக்கொண்டார்கள். ரீயைப் பற்றிப் பேசத் தொடங்குகிற எவரும் சற்று நேரத்தில் ப்ரூஸ் லீயைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்து நான் சலித்துவிட்டேன் என்பதால் அதை இங்கேயே விட்டுவிடலாம்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய சொற்கள் "காசு வாங்கிக்கொண்டு" என்பவைதான். சில மாதங்களாக நான் யோசித்துவருவதும் இதைத்தான் என்பதால், கோபத்தோடும் உரிமையோடும் எழுதுகிறேன்.

ரீ 1932இல், கொரியா ஜப்பானின் ஆட்சியில் இருந்தபோது பிறந்தவர். பதின்மூன்று வயதில் சியோலில், தந்தைக்குத் தெரியாமல் பயிற்சிக்குப் போனார். சண்டை பழகுவது ரவுடிகளின் வேலை என்று அக்காலத்துக் கொரியக் குடும்பங்கள் எண்ணியிருந்தன. போர் வந்தது, ராணுவத்தில் சேர்ந்தார். 1956இல் ராணுவப் பயிற்சிக்காக டெக்சாஸுக்கு வந்து திரும்பியவர், அடுத்த ஆண்டு சான் மார்கோஸ் நகரின் கல்லூரிக்கு மாணவராக மறுபடியும் வந்தார். பொறியியல் படித்துக்கொண்டிருந்த அந்த இளைஞர் 1962இல் படிப்பை விட்டுவிட்டு வாஷிங்டனில் ஒரு பயிற்சிக்கூடத்தைத் திறந்தார். சொந்தபந்தம் இல்லாத நகரத்தில், தாய்மொழியல்லாத மொழியில், ஊராருக்கு அறிமுகமே இல்லாத ஒரு கலையை நம்பி வாடகைக்கு இடம் பிடித்த மனிதர், மாதக் கடைசியில் அந்த வாடகையை எதைக் கொண்டு கொடுத்திருக்க வேண்டும் என்று நீங்கள் நினைக்கிறீர்கள்?

1965இல், நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் க்ளீவ்லேண்ட் என்ற நாடாளுமன்ற உறுப்பினரைத் தெருவில் யாரோ தாக்கிக் கொள்ளையடித்த செய்தி ரீயின் கண்ணில் பட்டது. தாமே தொடர்புகொண்டு, உங்களுக்குத் தற்காப்பு கற்றுத்தருகிறேன் என்றார். அப்படித் தொடங்கிய வகுப்பில் பல பத்தாண்டுகளில் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் பயின்றார்கள். இதைப் பெருமைக்குரிய செய்தியாகப் பலரும் எழுதிவிட்டார்கள். எனக்கு இதில் பெரிய ஆர்வமில்லை. அதே நகரத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு அவர் கொண்டுபோன ஒழுக்கப் பயிற்சித் திட்டம்தான் எனக்கு முக்கியம். தம்மிடம் பயிலும் பிள்ளைகள் பள்ளியில் நல்ல மதிப்பெண் வாங்கினால்தான் பிளாக் பெல்ட் என்பதும் அவருடைய நிபந்தனை. உதையின் உயரத்தை அளந்ததோடு நிற்காமல் பள்ளிக்கூட மதிப்பெண் அட்டையையும் கேட்டு வாங்கிப் பார்த்த மாஸ்டர் அவர்.

கவசங்களை விற்றார் என்று குறையாக எழுதியிருக்கிறீர்கள். அவை வருவதற்கு முன்பு போட்டிகள் எப்படி நடந்தன என்பதைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். வெறும் முட்டி, வெறும் பாதம். எதிராளியின் முகத்துக்கு ஓர் அங்குலம் முன்னால் கையை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது விதி. நின்றால் அது பயிற்சி, நிற்காவிட்டால் பல் போகும், தாடை உடையும். வேகமாக வரும் இளைஞனின் கை ஒவ்வொரு முறையும் நிற்கும் என்று யாரால் உறுதி சொல்ல முடியும்? 1970களின் தொடக்கத்தில் ரீ, நுரைப்பஞ்சின் மேல் வினைல் பூசி, கைக்கும் காலுக்கும் தலைக்கும் உறைகள் செய்தார். கைக்கான உறையில் முட்டிகளின் மேல் தடித்த திண்டு இருக்கும். உள்ளங்கைப் பக்கம் திறந்திருக்கும். விரல்களை மடக்கவும் பிடிக்கவும் முடியும். பார்வைக்கு விளையாட்டுச் சாமானைப் போல இருந்த அந்த உறை வந்த பிறகுதான் எட்டு வயதுக் குழந்தையையும் நோஞ்சான் பிள்ளையையும் தயக்கமில்லாமல் எதிரெதிரே நிறுத்த முடிந்தது. அடிக்கக் கற்றுத்தருவது மனிதநேயமா என்று கேட்டீர்களே, அடி வாங்குகிறவனின் பல்லைப் பற்றிக் கவலைப்பட்டு ஒரு பொருளைச் செய்த மனிதரை வேறு என்னவென்று சொல்வது? அதை அவர் விற்காமல் தம் கூடத்துக்குள்ளேயே வைத்திருந்தால் அவருடைய மாணவர்களின் பற்கள் மட்டும்தான் தப்பியிருக்கும்.

விளம்பரத்தையும் பார்த்துவிடுவோம். வாஷிங்டன் வட்டாரத்தில் அக்காலத்தில் வளர்ந்த எவருக்கும் அது மறக்காது. யாரும் என்னைச் சீண்டுவதில்லை என்று அவருடைய சின்ன மகள் சொல்வாள். என்னையும்தான் என்று மகன் கண் சிமிட்டுவான். ஒரு குடியேறியின் குடும்பம் அந்த நகரத்தின் வரவேற்பறைகளுக்குள் நுழைந்த விதம் அது. அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

இனி நான் சொல்லப்போவது உங்களை மட்டுமல்ல, நம் எல்லோரையும் சுடும். நான் வளர்ந்த ஊரில் ஒரு கராத்தே மாஸ்டர் இருந்தார். பள்ளிக்கூடத்து மொட்டைமாடியில், விடியற்காலையில், சிமெண்டுத் தரையில் சொல்லிக்கொடுப்பார். என் தம்பி அவரிடம் போனான். மழை பெய்தால் மாடியில் தேங்கிய தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிவிட்டு, கோணிச்சாக்கு விரித்து அதன்மேல் நிற்கவைப்பார். கட்டண நாள் வந்தால் பெற்றோர்கள் அடுத்த வாரம் என்பார்கள். டியூஷனுக்கு முதல் தேதியே கொடுத்தவர்கள், இவரிடம் மட்டும், நீங்கள் இதை ஒரு சேவையாகத்தானே செய்கிறீர்கள் மாஸ்டர் என்று சிரித்தபடி சொல்வார்கள். அவர் பதில் பேசமாட்டார். ஒரு வருடம் வகுப்பு நின்றுபோனது. ஜவுளிக்கடை வாசலில் காவலாளி உடுப்பில் அவரைப் பார்த்த தம்பி, வணக்கம் சொல்லவும் கூசி, தெருவைக் கடந்து போய்விட்டான். சேவை என்ற சொல்லை வைத்தே அந்த மனிதரின் சேவையைத் தீர்த்துக்கட்டினோம். ஆசிரியர் பட்டினி கிடந்தால்தான் தூயவர் என்று நம்புகிற சமூகத்துக்கு ஆசிரியர்கள் கிடைக்கமாட்டார்கள், எஸ்.

அமெரிக்கப் பெற்றோர்கள் ரீக்குக் கட்டணம் கொடுத்தார்கள். அதனால் அவருடைய கூடம் நிலைத்தது. நிலைத்த கூடத்திலிருந்துதான் ஒருவர் அரசுப் பள்ளிப் பிள்ளைகளைத் தேடிப் போக முடியும்.

ஜோர்டானின் அஸ்ரக் அகதி முகாமையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். உலக டேக்வாண்டோ அமைப்பின் தலைவரான கொரியர் சூ சுங்வோன் முன்னின்று 2016இல் தொடங்கிய மனிதநேய அறக்கட்டளை, அங்கே சிரியப் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துகிறது. பாலைவனத்தில் தகரக் கொட்டகைகள் வரிசையாக நிற்கும் அந்த முகாமில் பயின்ற யாஹ்யா அல் கோதானி, 2024இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் அகதிகள் அணியின் கொடியை ஏந்திய இருவரில் ஒருவர். அங்கே பிள்ளைகளிடம் யாரும் காசு கேட்பதில்லை. ஆனால் விரிப்புக்கும் உடுப்புக்கும் பயிற்சியாளரின் வயிற்றுக்கும் யாரோ கொடுக்கத்தான் செய்கிறார்கள். முகாமில் அது அறக்கட்டளையின் பொறுப்பு. ஈரோட்டில் அது உங்கள் பொறுப்பு.

பெல்ட் தேர்வுக்குக் கேட்கும் தொகை நியாயமானதா என்று உங்களுக்குச் சந்தேகம் இருந்தால், சான்றிதழ் எந்தச் சங்கத்திடமிருந்து வருகிறது, தேர்வாளருக்கு எவ்வளவு போகிறது என்று மாஸ்டரிடமே நேராகக் கேளுங்கள். நல்ல ஆசிரியர் கணக்குச் சொல்லத் தயங்கமாட்டார். கணக்கு சரியாக இருந்தால், பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள். மகன் இப்போது என்ன பெல்ட் என்று எழுதவே இல்லையே நீங்கள்.

அன்புடன்.