ஏரிநீரின் நுண்விலங்குகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மழைக்காடுகளின் உயிர்வளம் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். காட்டில் மரத்துக்கு மரம், உயரத்துக்கு உயரம் வேறுபாடு உண்டு. ஏரியில் எங்கும் ஒரே நீர்தானே? என் மகளின் நுண்ணோக்கியில் ஒரு சொட்டு ஏரிநீரைப் பார்த்தபோது, தலையில் சக்கரம் சுழல ஏதோ ஒன்று ஓடியது. எல்லாம் கிருமிகள்தான் என்கிறார் நண்பர். பல்வகைமை என்று பேசும் அளவுக்கு அங்கே ஏதாவது உண்டா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

நீங்கள் பார்த்தது கிருமி அல்ல, விலங்கு. ரோட்டிஃபராகத்தான் இருக்க வேண்டும். தலையைச் சூழ்ந்த நுண்மயிர்கள் அடுத்தடுத்து அசைவதால் சக்கரம் சுழல்வதாகத் தோன்றும். பெரும்பாலானவை அரை மில்லிமீட்டரைக்கூட எட்டாதவை. ஏறத்தாழ 1000 செல்களே கொண்ட அந்த உடலில் இரையை அரைக்கும் தாடை, குடல், நரம்புகள், சிலவற்றில் சிவந்த கண்புள்ளி வரை இருக்கின்றன. அறியப்பட்ட சுமார் 2000 இனங்களில் மிகப் பெரும்பாலானவை நன்னீரில் வாழ்பவை.

'எங்கும் ஒரே நீர்' என்பது நம் உடலின் அளவிலிருந்து பார்ப்பதால் வரும் எண்ணம். நீர்ச்செடியின் தண்டு, அடிச்சேறு, மணல்துகள்களின் இடுக்கு, திறந்த நீர்ப்பரப்பு ஒவ்வொன்றிலும் வெவ்வேறு கூட்டம் வாழ்கிறது. திறந்த நீரிலும் பிழைக்கும் வழிகள் வேறு. டாஃப்னியா என்னும் நீர்த்தெள்ளு நீரை வடிகட்டிப் பாசியை உண்கிறது. கோப்பிபோடு என்னும் இன்னொரு சிற்றுயிர் தனக்கு வேண்டியதைத் தேர்ந்து பிடிக்கிறது. மீன்களுக்குத் தப்ப, பல ஏரிகளில் டாஃப்னியாக்கள் பகலில் ஆழத்து இருளுக்கு இறங்கி இரவில் மேலே வருகின்றன.

எனக்குத் தீராத வியப்பு பிராக்கியோனஸ் என்ற ரோட்டிஃபரிடம்தான். அதை விழுங்கும் அஸ்பிளாங்னாவும் ஒரு ரோட்டிஃபரே. அஸ்பிளாங்னா நீரில் கசியவிடும் வேதிப்பொருள் பிராக்கியோனஸ் தாயை எட்டினால், அதன் குஞ்சுகள் நீண்ட முட்களோடு பிறக்கின்றன. தாயின் உடலில் மாற்றம் ஏதுமில்லை. முள் நீண்ட குஞ்சை விழுங்குவது கடினம். இதை பிரெஞ்சு விலங்கியலாளர் டி போஷான் 1952-இல் கண்டறிந்தார். மரபணு அதேதான், உருவம் வேறு. இனங்களை எண்ணினால் மட்டும் இந்த வளம் கணக்கில் வராது.

உங்கள் கேள்வியை 1961-இல் சூழலியலாளர் ஹட்சின்சன் மிதவைப் பாசிகளைப் பற்றிக் கேட்டார்: ஒரே நீரில், ஒரே சில சத்துக்களுக்குப் போட்டியிடும் இத்தனை இனங்களில் ஒன்று வென்று மற்றவை அழியாதது ஏன்? அவர் முன்வைத்த விடைகளில் முக்கியமானது, ஒன்று முழுதாக வெல்லும் முன்பே ஏரியின் நிலைமை மாறிவிடுகிறது என்பது. விலங்குகளுக்கும் இது பெருமளவு பொருந்தும் என்றே நினைக்கிறேன். டாஃப்னியா நல்ல காலத்தில் ஆண் துணையின்றியே பெருகும். நெருக்கடி வரும்போது ஆண்கள் பிறக்கின்றன, கலவிக்குப் பின் தடித்த உறைக்குள் உறக்க முட்டைகள் உருவாகின்றன. சேற்றில் பல பத்தாண்டுகள் கிடந்த முட்டைகளையும் ஆய்வகங்களில் பொரிக்க வைத்திருக்கிறார்கள். ஆகவே உங்கள் சொட்டில் தெரிந்தவை அன்று விழித்திருந்தவை மட்டுமே.

அடுத்த முறை மூழ்கியிருக்கும் நீர்ச்செடியை ஒரு கிண்ணத்தில் பிழிந்து அந்த நீரைப் பாருங்கள். திறந்த நீரில் கிடைக்காத, ஒட்டி வாழும் ரோட்டிஃபர்கள் கிடைக்கும். டாஃப்னியா அகப்பட்டால் இதயம் துடிப்பதையும் முதுகுப் பையில் முட்டைகளையும் மகளுக்குக் காட்டலாம். சொட்டின் மேல் வைக்கும் மெல்லிய கண்ணாடியை அழுத்த வேண்டாம், உயிர்கள் நசுங்கிவிடும்.