வெளிச்சம் கூடியும் ஆள் தெரியவில்லையே, ஏன்?

கேள்வி: எங்கள் தெருவில் மஞ்சள் சோடியம் விளக்குகளைக் கழற்றிவிட்டு வெள்ளை எல்இடி பொருத்தினார்கள். தெரு முன்பைவிடப் பளிச்சென்று இருக்கிறது. ஆனால் இரவில் வண்டியில் வரும்போது, தெருவைக் கடக்கும் ஆளோ வேகத்தடையோ கிட்டே வந்த பிறகுதான் கண்ணில் படுகிறது. கூடுதல் வாட் விளக்கு கேட்கலாமா?

பதில்: வேண்டாம். வாட்டைக் கூட்டினால் நிலைமை இன்னும் கெடவே வாய்ப்பு அதிகம்.

பின்னணியைவிட ஒரு பொருள் எவ்வளவு வெளுத்தோ கறுத்தோ தெரிகிறது என்பதை வைத்துத்தான் கண் அதைப் பிரித்தறிகிறது. தார்ச்சாலை தன்மேல் விழும் ஒளியில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கே திருப்பி அனுப்பும். அடர்நிற உடுப்பும் கிட்டத்தட்ட அப்படித்தான். இரண்டின் மேலும் வெளிச்சத்தை இருமடங்காக்கினால் கண்ணின் கூர்மை கொஞ்சம் கூடும். ஆனால் ஆளுக்கும் சாலைக்கும் உள்ள விகிதம் மாறாது.

முதலில் ஒரு சோதனை. போக்குவரத்து இல்லாத நேரத்தில் சாலையோரமாக நில்லுங்கள். சுமார் 40 மீட்டர் தள்ளி, கறுப்புச் சட்டை போட்ட ஒருவரை நிற்கச் சொல்லுங்கள். உள்ளங்கையை நீட்டி, கண்ணுக்குப் படும் விளக்கை மட்டும் மறையுங்கள். அந்தக் கணமே ஆள் துலக்கமாகத் தெரிந்தால் குற்றவாளி கண்கூச்சம்தான்.

விளக்கிலிருந்து நேராகக் கண்ணுக்குள் வரும் ஒளி விழிக்குள் சிதறி, பார்க்கும் காட்சி முழுவதன் மேலும் மெல்லிய வெள்ளைத் திரை போலப் படர்கிறது. இதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: கண்ணில் விழும் ஒளியின் அளவை லக்ஸில் (ஒரு பரப்பில் விழும் வெளிச்சத்தின் அலகு) எடுத்துப் பத்தால் பெருக்கி, பார்வைக் கோட்டுக்கும் விளக்குக்கும் இடையிலான கோணத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 2 லக்ஸ், 5 பாகை என்றால் திரையின் ஒளிர்வு சதுர மீட்டருக்கு 0.8 கேண்டெலா (ஒரு பரப்பு கண்ணுக்கு எவ்வளவு பளிச்சென்று தெரிகிறது என்பதன் அலகு). சாலையின் ஒளிர்வும் அதே 0.8 ஆக இருந்தால், ஆளுக்கும் சாலைக்குமான வேறுபாடு சரிபாதியாகிவிடும். அதே விளக்கு 10 பாகைக்கு விலகினால் திரை கால்பங்காகக் குறையும். வயதானவர்களின் கண்ணில் சிதறல் இன்னும் அதிகம். கீறல் விழுந்த ஹெல்மெட் கண்ணாடியும் இதே வேலையைச் செய்யும், சோதிக்கும்போது அதைக் கழற்றிவிடுங்கள்.

பெரும்பாலும் கோளாறு, கம்பத்தில் விளக்கைத் தாங்கும் கையில் இருக்கும். சோடியம் விளக்குக்காக மேல்நோக்கிச் சாய்த்த பழைய கையிலேயே எல்இடியை மாட்டிவிடுவார்கள். 10, 15 பாகைச் சாய்வே போதும், ஒளி நேராக ஓட்டுநர் கண்ணுக்குப் போய்விடும். விளக்கின் முகம் தரையைப் பார்த்து மட்டமாக இருக்க வேண்டும்.

அடுத்து, ஆளின் மேல் ஒளி எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள். லக்ஸ் மீட்டரைத் தரையில் கிடத்தி அளந்தால் சாலையின் கணக்குதான் கிடைக்கும். ஆள் தெரிவாரா என்று அறிய, அதை 1.5 மீட்டர் உயரத்தில், வண்டி வரும் திசை நோக்கி நிமிர்த்திப் பிடியுங்கள். கடக்கும் இடத்தில் அங்கே 20 லக்ஸ் கிடைத்தால் நல்லது. கம்பம் கடக்கும் கோட்டுக்கு நேர் மேலே நின்றால் தலையும் தோளும் மட்டும் ஒளிரும். முகமும் உடலும் இருட்டாகவே இருக்கும். வண்டி வரும் பக்கத்தில், கோட்டுக்குச் சில மீட்டர் முன்பாகக் கம்பம் வேண்டும். இருவழிச் சாலையென்றால் இரு பக்கமும் ஒவ்வொன்று.

பலர் கவனிக்காத ஆபத்து ஒன்று உண்டு. ஆளுக்குப் பின்னால் சாலை ஒளிர்ந்தால் அவர் கறுப்பு நிழலுருவாகத் தெரிவார். வண்டி நெருங்க நெருங்க முகப்பு விளக்கு அவரை வெளுப்பாக்கும். கறுப்பிலிருந்து வெளுப்புக்கு மாறும் வழியில், ஆளும் பின்னணியும் ஒரே ஒளிர்வில் நிற்கும் ஒரு தூரம் வரும். அங்கே அவர் மறைந்தேவிடுவார். கடப்பவரை முன்பக்கத்திலிருந்து ஒளியூட்டச் சொல்வது இதனால்தான்.

வேகத்தடைக்கு வேறு விதி. மேடு தெரிவது நிழலால். மேட்டுக்கு நேர் மேலே விளக்கிருந்தால் அந்த நிழல் அழிந்து சாலை தட்டையாகத் தோன்றும். விளக்கு சற்றுத் தள்ளியிருக்கட்டும், மேட்டில் பிரதிபலிக்கும் வெள்ளைப் பட்டையும் இருக்கட்டும். மழையில் பட்டையை நம்ப முடியாது: நீர்ப்படலம் மூடினால் வண்ணத்திலுள்ள கண்ணாடி மணிகள் ஒளியைத் திருப்பி அனுப்பாது.

மனுவில் வாட்டைப் பற்றி எழுதாமல் மூன்றைக் கேளுங்கள்: சாய்வை நீக்குதல், ஒளியை மறைக்கும் கிளைகளை வெட்டுதல், கடக்கும் இடத்துக்குத் தனிக் கம்பம். விளக்கையே மாற்றுவதாக இருந்தால் 3000 கெல்வின் (சற்று மஞ்சள் கலந்த வெள்ளை ஒளி) கேளுங்கள். கூச்சம் குறைவாக உறுத்தும், உடுப்பின் நிறமும் சோடியத்தைவிடத் தெளிவாகத் தெரியும். வேலை முடிந்ததும் அதே இடத்தில், அதே கறுப்புச் சட்டையோடு, உள்ளங்கைச் சோதனையை மறுபடி செய்யுங்கள்.